குடையும் கைப்பிடி அரிசியும்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. சேர்வராயன் மலை முழுவதும் மழையிலும் மூடுபனியிலும் மறைந்திருந்தது. காப்பித் தோட்டம் ஒன்றின் லைன் வீடுகளிலிருந்து ஒரு பெண்மணி நனைந்த குடையுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு குழுவுக்கு அவர் தலைவி. தலைவி என்று எவரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவர்கள் அவர் சொல்லைக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

அக்குழு செய்யும் பணி மிக எளியது. ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே ஒரு பானையில் போட்டு வைக்கிறார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து, அந்த வாரம் வேலைக்குப் போக இயலாத நோயாளி, பிள்ளை பெற்ற தாய், தனித்து வாழும் முதியவர் ஆகியோர் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். கணக்கு இல்லை, பதிவேடு இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. நம் பங்குகள் பலவற்றில் பிடி அரிசி என்ற பெயரில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமே இது.

கீழே சமவெளியிலுள்ள கூட்டமைப்பு ஒன்று அவர்களைத் தன்னோடு இணையுமாறு அழைத்திருந்தது. பல சிறு அறப்பணிக் குழுக்களை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்து, பயிற்சியும் வழிகாட்டுதலும் தருகிற அமைப்பு அது. "சாமி, நாங்க அதுல சேரலாமா? சேந்தா நல்லதா, கெட்டதா?" என்று அவர் கேட்டார்.

"ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன், அம்மா" என்றேன். மறைக்கல்வி வினாவுக்கு விடை சொல்வதுபோல் இதற்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. காரணம், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இதே கேள்விக்கு நான் அவசரமாக ஒரு விடை கண்டு, அதனால் ஒரு நல்ல பணியை அழித்தவன்.

நான் செய்த தவறு

அந்தப் பங்கிலும் பிடி அரிசி இருந்தது. தெருவுக்கு ஒரு குழு. நான் அங்கே சென்ற சில மாதங்களில் ஒரு குறையைக் கண்டேன். ஒரு தெருவார் தங்கள் உறவினருக்கே திரும்பத் திரும்பக் கொடுத்தனர். வேறு சாதியைச் சேர்ந்த ஒரு விதவையின் வீட்டுக்கு அரிசி போகவே இல்லை. முறைப்படி திருமணம் ஆகாமல் ஒருவரோடு வாழ்ந்த மற்றொரு பெண்ணின் பிள்ளைகள் பட்டினி கிடந்தது குழுவினருக்குத் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தது.

இதைச் சரிசெய்ய நான் எல்லாக் குழுக்களையும் ஒரே மையக் குழுவின்கீழ் இணைத்தேன். நானே தலைவர். அரிசியை விற்றுப் பணமாக்கி வங்கியில் போடுவது, உதவி வேண்டுவோர் விண்ணப்பம் எழுதித் தருவது, மாதந்தோறும் கூட்டம் நடத்தி முடிவெடுப்பது என்றெல்லாம் விதிகள் வகுத்தேன். கணக்கு கண்ணாடிபோல் இருந்தது. புறக்கணிக்கப்பட்டிருந்த இரு குடும்பங்களுக்கும் உதவி கிடைத்தது. எனக்கு மிகுந்த மனநிறைவு.

இரண்டு ஆண்டுகளில் அரிசி நின்றுவிட்டது. எவரும் எதிர்த்துப் பேசவில்லை. பானைகள்தாம் ஒவ்வொன்றாகக் காலியாயின. காரணம் கேட்டபோது ஒரு மூதாட்டி சொன்னது இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. "முன்னெல்லாம் அரிசி கொண்டு போனா அவ வீட்டுத் திண்ணையில உக்காந்து ரெண்டு வார்த்தை பேசிட்டு வருவோம், சாமி. இப்ப அவ இங்க வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போறா. எங்களுக்கும் அவளுக்கும் பேச்சே இல்ல."

நான் கண்ட நோய் உண்மையானது. கொடுத்த மருந்துதான் தவறு. சிறு குழுவின் பாரபட்சத்தைப் போக்க முனைந்து, அதன் உயிரையே போக்கிவிட்டேன். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதனால்தான் இக்கேள்வி கடினமாகிறது. சிறியது எல்லாம் தூயது என்று சொல்லிவிடவும் முடியாது. பெரியது எல்லாம் தீயது என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

தொடக்கத் திருச்சபையின் வழி

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் இதே சிக்கல் வருகிறது. எருசலேம் திருச்சபையின் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. மேலிருந்த பன்னிருவரும் என்ன செய்தனர்? பந்தியைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும் உரிமையை மக்களிடமே விட்டனர். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். எவர் புறக்கணிக்கப்பட்டதாக முறையிட்டார்களோ அவர்களைச் சார்ந்தவர்களிடமே பங்கிடும் பொறுப்பு சென்றது. நான் செய்ததற்கும் அவர்கள் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுலடியார் திரட்டிய நன்கொடையும் இங்கே எண்ணத்தக்கது. மாசிதோனியா, அக்காயா முதலிய பகுதிகளின் சிறு சபைகளை ஒரே பணியில் இணைத்த முயற்சி அது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைத் தம்மிடமே ஒதுக்கி வைக்குமாறு கொரிந்தியருக்கு அவர் எழுதுகிறார். நம் பெண்களின் பானை நினைவுக்கு வரவில்லையா? அதை எடுத்துச் செல்வோரை அந்தச் சபையினரே தகுதியறிந்து தேர வேண்டும் என்கிறார். இரண்டாம் திருமுகத்தில், இப்பெருந்தொகையைக் கையாள்வதில் தம்மீது எவரும் குறை கூறாதபடி, தீத்துவோடு சபைகளால் நியமிக்கப்பட்ட ஒரு சகோதரரையும் அனுப்புவதாகச் சொல்கிறார்.

ஆக, சேர்ப்பது சிறு சபை. தூதரைத் தேர்வதும் சிறு சபை. ஒரு சபையை மற்றொரு சபையோடு இணைப்பதும், தேவையை எடுத்துரைப்பதும், தம் நேர்மையைப் பிறர் சோதிக்க இடம் தருவதும் பவுலின் வேலை. கூட்டமைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை நான் அறியேன்.

குடை இல்லாதபோது

கூட்டமைப்பே வேண்டாம் என்போர் 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. அடுத்த சில நாள்களில் நூற்றுக்கணக்கான தொண்டு அமைப்புகள் அக்கரையை நோக்கி விரைந்தன. ஈகை பெருக்கெடுத்தது; ஆனால் அதற்குக் கரை இல்லை. சாலையோர ஊர்களுக்கு உதவி மேல் உதவி குவிந்தது; உள்ளடங்கிய ஊர்களும், படகு இல்லாத கூலித் தொழிலாளரும், கடலோரத் தலித் குடியிருப்புகளும் பின்தங்கின. எவரும் உடுத்த விரும்பாத பழந்துணிகள் மலைமலையாய் வீதியில் கிடந்தன. பிந்திய மாதங்களில், எத்தனை படகு தேவை என்று ஒன்றாய் அமர்ந்து எண்ணாமல் ஆளுக்கொரு பக்கமாய்க் கொடுத்ததால், பல ஊர்களில் முன்பிருந்ததைவிட மிகுதியான சிறு படகுகள் சேர்ந்தன.

அந்தக் குழப்பத்துக்கு நடுவில், 2005 ஜனவரித் தொடக்கத்தில், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகையின் ஸ்னேகா நிறுவனமும் முன்னின்று, மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்த ஊரில் என்ன தேவை, எவர் எங்கே என்ன செய்கிறார், எங்கே எவரும் இல்லை என்ற செய்தியைத் திரட்டி, அரசுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் மக்களுக்கும் எடுத்துச் சொல்வதே அதன் தலையாய பணி. தானே வாரி வழங்கிப் பெயர் பெறுவது அதன் நோக்கமன்று. விடுபட்டவர் யார் என்று கேட்பதற்கு ஒருவர் இருந்தார் என்பதே அதன் பெருமை.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு சான்று உண்டு. 1989-இல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையுடன் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. அடுத்து அத்திட்டம் சேலத்துக்கும் வந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் தனித்தனியே வங்கி வாசலில் நின்றபோது திறக்காத கதவு, குழுவாகச் சென்றபோது திறந்தது. குழுக்கள் ஊராட்சி அளவில் கூட்டமைப்பாக இணைந்தபோது, கணக்கெழுதவும் அதிகாரியிடம் அஞ்சாமல் பேசவும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். தனி மரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் சொல்.

குடையே சுமையாகும்போது

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 1833 ஏப்ரலில், தம் இருபதாம் பிறந்தநாளன்று, பிரெடெரிக் ஓசானாம் பாரிசில் சில நண்பர்களோடு ஓர் அன்புப்பணிக் குழுவைத் தொடங்கினார். சகோதரி ரொசாலி ரெந்து அவர்களை ஏழைகளின் வீடுகளுக்கு வழிகாட்டி அனுப்பினார். வீடு தேடிச் செல்வது என்பதே அவர்களின் உயிர்நாடி. அடுத்த ஆண்டின் இறுதிக்குள் உறுப்பினர் நூற்றைத் தாண்டினர். அப்போது ஒரு கடினமான விவாதம் எழுந்தது: ஒரே குழுவாக இருப்பதா, பிரிவதா? நட்பு சிதைந்துவிடும் என்று சிலர் கலங்கினர். பிரிந்தே ஆகவேண்டும் என்பது ஓசானாமின் எண்ணம், 1835-இல் பிரிந்தனர். பெரிய ஒரு சபையாக வீங்குவதைவிட, சிறு சபைகள் பலவாகப் பெருகி மேலே ஒரு மன்றத்தால் இணைந்திருப்பதே நலம் என்று கண்டனர். இன்று நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபைகள் அந்த முடிவின் கனிகள். ஓசானாமுக்கு 1997-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அருளாளர் பட்டம் அளித்தார்.

அதே சபைக்கு 1861-இல் ஒரு சோதனை வந்தது. மூன்றாம் நெப்போலியனின் உள்துறை அமைச்சர் பெர்சிஞ்ஞி ஒரு சுற்றறிக்கை விடுத்தார். ஊர்ச் சபைகள் அரசின் அனுமதியோடு நடக்கலாம். ஆனால் அவற்றை இணைக்கும் பாரிஸ் தலைமை மன்றத்துக்கு இனிப் பேரரசர் நியமிப்பவரே தலைவர் என்பதே அதன் சாரம். முடிவு ஊர்ச் சபைகளிடம் கேட்கப்பட்டது. அரசனின் ஆள் பிடிக்கும் குடையைவிடக் குடையில்லாமல் நனைவதே மேல் என்று பெரும்பாலானவை விடையளித்தன. தலைமை மன்றம் கலைக்கப்பட்டது. தலைமையை இழந்த பின்பும் பல ஊர்களில் சபையினர் ஏழைகளின் படியேறுவதை நிறுத்தவில்லை. வேர் எங்கே இருந்தது என்பதை அந்த இழப்பே காட்டிற்று.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1931 மே மாதத்தில், திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் தம் சமூகச் சுற்றுமடலில் துணைநிலைக் கோட்பாட்டை வகுத்தளித்தார். சிறிய சமூகம் தானே செய்ய வல்லதைப் பெரிய சமூகம் பறித்துக்கொள்வது அநீதி. பெரியதன் கடமை சிறியதற்குத் துணை நிற்பதேயன்றி விழுங்குவதன்று என்பது அதன் கருத்து. இது ஏட்டுக் கோட்பாடாகப் பிறக்கவில்லை. அதே மாத இறுதியில் முசோலினியின் அரசு இத்தாலியின் கத்தோலிக்க இளைஞர் சங்கங்களைக் கலைத்தது.

அரசுக்கு மட்டுமே இந்தக் கோட்பாடு உரியது என்று நாம் நினைத்துவிடலாகாது. திருச்சபைக்குள்ளும் இது பொருந்தும். 1951-இல் தோன்றி, இன்று 160-க்கும் மேற்பட்ட அமைப்புகளை இணைக்கும் அனைத்துலகக் காரித்தாஸ் கூட்டமைப்பின் தலைமையை, 2022 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் முழுவதுமாக நீக்கித் தற்காலிக நிருவாகியை அமர்த்தினார். பணக் கையாடல் ஏதும் காணப்படவில்லை. ஆனால் நிருவாக முறைகளில் குறைகள் இருந்தன. அங்கே பணிபுரிந்தோரின் மனம் சோர்ந்திருந்தது. உலகெங்கும் அன்பை ஒழுங்குபடுத்தும் இல்லத்துக்குள்ளேயே அன்பு குன்றக்கூடும் என்பதும், அதை மறைக்காமல் திருத்தும் துணிவு திருச்சபைக்கு வேண்டும் என்பதும் இதில் நாம் கற்கும் பாடங்கள். மறு ஆண்டு மே மாதம் உறுப்பு அமைப்புகள் கூடிப் புதிய தலைமையைத் தேர்ந்தன.

பணம் போனபின் எஞ்சுவது எது?

நம் நாட்டில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 1962-இல் ஆயர் பேரவை நிறுவிய காரித்தாஸ் இந்தியா தொடங்கி, சமூகப் பணித் துறையில் இயங்கிய பல பேரமைப்புகள் அயல்நாட்டு உதவியைப் பெற்றுக் கீழுள்ள அமைப்புகளுக்குப் பகிர்ந்தளித்து வந்தன. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. அயல்நாட்டு நன்கொடையைப் பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவது முற்றிலும் தடைசெய்யப்பட்டது. நிருவாகச் செலவின் உச்ச அளவு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இத்திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதனால் தனியே விண்ணப்பிக்க வலிமையற்ற சிறு குழுக்கள் பெரிதும் துன்புற்றன. அத்துன்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இச்சட்டம் நம்மை ஒரு தன்னாய்வுக்கும் அழைக்கிறது. கொடுக்கப் பணம் இருந்த வரையில் சிறு குழுக்கள் பேரமைப்பைச் சுற்றி நின்றன. பணம் நின்றபின் எத்தனை குழுக்கள் அதனோடு இருக்க விரும்புகின்றன? கற்றுத் தந்ததும், தோள் கொடுத்ததும், குரல் கொடுத்ததும் உண்மையாயிருந்தால் உறவு நிலைக்கும். காசோலை மட்டுமே உறவாக இருந்திருந்தால், அது ஏற்கெனவே இறந்திருந்த உறவுதான்.

நிழல் மரம்

இந்த மலையில் வாழ்வோருக்கு இதை விளக்க வேறோர் எடுத்துக்காட்டு தேவையில்லை. காப்பிச் செடி நிழலில் வளர்வது. ஆகவே தோட்டமெங்கும் சில்வர் ஓக் முதலிய மரங்களை நட்டு நிழல் தருகிறார்கள். மிளகுக் கொடியும் அவற்றின்மீதே படர்கிறது. நிழல் இல்லாது வெயில் தாக்கினால் தண்டுத் துளைப்பான் பூச்சி பெருகிச் செடியைக் கொல்லும். நிழல் மிகுந்தாலோ இலை செழிக்கும், பூஞ்சை நோய் வரும், காய் குறையும். அதனால் ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் தொழிலாளர் மரமேறிக் கிளைகளைக் கழிக்கிறார்கள். மரத்தை வெட்டிவிடுவதில்லை, அதன் போக்கில் விட்டுவிடுவதும் இல்லை. விளைச்சல் செடியில்தான், மரத்தில் அன்று என்பது கிளை கழிக்கும் தொழிலாளிக்கும் தெரியும்.

நம் பழைய மன்னர்களின் வெண்கொற்றக் குடையும் அவர்கள் தலைக்கு வெயில் படாதிருக்கப் பிடித்ததன்று. குடிகளுக்கு அளிக்கும் காவலின் அடையாளமாகவே புலவர்கள் அதைக் கண்டார்கள். குடையின் பெருமை அதன் வேலைப்பாட்டில் இல்லை. அதன்கீழ் நனையாமல் நிற்பவர் எத்தனை பேர் என்பதில் இருக்கிறது.

நான் சொன்ன விடை

ஒரு வாரம் கழித்து அப்பெண்மணி மற்றும் மூவரோடு வந்தார். நான் சொன்னேன்: "சேருங்கள், அம்மா. ஆனால் சில காரியங்களில் உறுதியாக இருங்கள். அரிசி உங்கள் பானையிலேயே இருக்கட்டும். அதை எடுத்துச் செல்லும் கால்களும் உங்களுடையவையாகவே இருக்கட்டும். அவர்கள் கூட்டத்துக்கு உங்களில் ஒருவர் போய், கேட்பதோடு நில்லாமல் பேசவும் வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் வெளியே வர வழி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களிடமிருந்து கணக்கெழுதக் கற்றுக்கொள்ளுங்கள். சேலத்தில் பெரிய மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் எவரை அணுகுவது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களால் இயலாததற்கு அவர்கள். உங்களால் இயல்வதற்கு நீங்கள்."

அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். இளையவராயிருந்த ஒருவர் கேட்டார்: "எங்க கணக்க அவங்க பாப்பாங்க, சரி. அவங்க கணக்க யாரு சாமி பாப்பாங்க?"

பவுலடியார் தாமே முன்வந்து விடை தந்த கேள்வி அது. மறைமாவட்டச் சங்கமோ, பங்குப் பேரவையோ, பக்த சபைகளின் நடுவமோ, எதில் பொறுப்பு வகித்தாலும் நாம் ஒவ்வொருவரும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே. மேலே உள்ளவன் கீழே கணக்குக் கேட்பது எளிது. அது பழகிப்போன வழக்கம். கீழே உள்ளவரிடம் தன் கணக்கைக் கொண்டுபோய் வைப்பதுதான் கிறித்துவின் வழி. சீடரின் காலடியில் குனிந்தவர் அவர்.

நானும் அவர்களிடம் ஒரு கேள்வி வைத்தேன். "உங்கள் லைனில் இதுவரை அரிசி போகாத வீடு எது?" நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். சிறிது நேரம் மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. என் பழைய பங்கின் தெருக்கள் என் நினைவுக்கு வந்தன. அன்று நான் அதிகாரத்தால் செய்ததை இன்று ஒரு கேள்வியால் செய்ய முயன்றேன். அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள். பயிற்சி நாளில் கொடுத்த நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில் இப்போது கணக்கெழுதுகிறார்கள். சில வாரங்களுக்கு முன் அதை என்னிடம் காட்டினார்கள். தேதி, அரிசியின் அளவு, சென்ற வீடு என மூன்று பத்திகள். முதல் பக்கத்தின் முதல் வரியில், அன்று அந்த நால்வரும் சொல்லத் தயங்கிய வீட்டின் பெயர் இருந்தது. கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை. அந்த இடத்தில், எத்தனை நேரம் உட்கார்ந்து பேசினோம் என்று எழுதியிருந்தார்கள்.